முன்னமும் பொருளும்: அவலூர்பேட்டைச் சந்தை வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

சொல் பொருளை உணர்த்தும் முறை பற்றி ஆங்கிலத்தில் எழுந்த ஆராய்ச்சிகளைத் தமிழிலக்கணத்தோடு வைத்துக் காண்போர் இன்று பலராயினர். அவருள் ஒரு சாரார், பொருண்மையியல் என்றும் பயன்வழியியல் என்றும் மேனாட்டார் பகுத்த இரண்டும் தமிழுக்குப் புதியன எனக் கொண்டு, அவர் வகுத்த நெறிகளைத் தமிழ்த் தொடர்கள்மேல் ஏற்றிக் காட்டி அமைவர். மற்றொரு சாரார், இவை அனைத்தும் தொல்காப்பியனார் முன்னரே மொழிந்தன எனக் கொண்டு, இடப்பக்கம் நூற்பாவையும் வலப்பக்கம் ஆங்கிலக் கொள்கையையும் நிறுத்தி, இரண்டும் ஒன்றே என முடிப்பர். முன்னவர்க்கு இலக்கணப் பயிற்சி குறைவு. பின்னவர்க்குப் பொறுமை குறைவு. இரு சாராரும் ஒரு வினாவை எழுப்பாமலே கடந்து செல்கின்றனர். ஒரு கூற்றில் வெளிப்படையாக நின்ற பொருள் இது, குறிப்பாற் பெற்ற பொருள் இது என வரையும் கோடு எங்கே விழுகின்றது? அதனை இடுவது சொல்லா, சொல்லுவோரும் கேட்போருமா?

அக்கோடு சொல்லில் இல்லை என்பதே எமது கருத்து. ஒரே தொடர் ஒரு கூட்டத்தார்க்கு நேர்விடையாகவும் மற்றொரு கூட்டத்தார்க்குக் குறிப்பு விடையாகவும் நிற்றலை நாட்டு வழக்கில் காண்கின்றோம். தொல்காப்பியனார் 'முன்னம்' என வைத்த உறுப்பை இதற்கு உரிய இடத்தில் நிறுத்தி ஆராய்ந்தால், ஒப்பீடு செய்வோர் இருசாராரும் தவறவிட்டது விளங்கும்.

மேனாட்டு ஆராய்ச்சியின் வரலாற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. 1897இல் பிரெயால் என்னும் பிரெஞ்சு அறிஞர் சொற்பொருளாராய்ச்சிக்குத் தனிப்பெயர் தந்து நூல் செய்தார். 1938இல் மாரிசு, குறிகளுக்கும் பொருள்களுக்கும் உள்ள உறவு ஒன்று, குறிகளுக்கும் அவற்றை வழங்குவோர்க்கும் உள்ள உறவு மற்றொன்று எனப் பிரித்தார். ஆசுட்டின் 1955இல் ஆர்வார்டில் ஆற்றி 1962இல் நூலான சொற்பொழிவுகள், சொல்லுதலே செய்தலாகும் இடங்களைக் காட்டின. கிரைசு 1967இல் அதே பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில், உரையாடுவோர் தம்முள் ஒத்துழைக்கின்றனர் என்பதை அடிப்படையாகக் கொண்டு, அளவு, வாய்மை, இயைபு, முறை என்னும் நால்வகை நெறிகளை வகுத்தார். அப்பகுதி 1975இல் அச்சேறியது. இந்நெறிகளுள் ஒன்றைப் பேசுவோன் வெளிப்படையாக மீறும்போது, அவன் ஒத்துழைப்பைக் கைவிட்டான் எனக் கேட்போன் கொள்வதில்லை. வேறொன்றைக் கருதினான் எனக் கொண்டு அதனை உய்த்துணர்கின்றான். இதுவே அவர் கொள்கையின் உயிர்நாடி.

அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று ஆசிரியப் பணியில் உள்ளார் அனைவர்க்கும் விளங்கும். மெய்யியற் பணிக்கு விண்ணப்பித்த மாணவன் ஒருவனுக்குப் பேராசிரியர் நற்சான்று எழுதுகின்றார். அவன் ஆங்கிலப் புலமை நன்று, வகுப்புக்கு ஒழுங்காக வருவான் என்பதோடு நிறுத்திவிடுகின்றார். மெய்யியலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. படிப்போர் அவன் மெய்யியலில் வல்லன் அல்லன் என உணர்வர். நம் பல்கலைக்கழகங்களிலும் இவ்வகைச் சான்றுகள் எழுதப்படுவதை நாம் அறிவோம். அவற்றைப் பெற்ற மாணவர்தாம் அறியார்.

இனித் தொல்காப்பியத்துக்கு வருவோம். சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில், செப்பும் வினாவும் வழுவாமற் காக்க வேண்டும் என முதற்கண் விதிக்கும் ஆசிரியர், அதனை அடுத்தே வினாவும் செப்பாக வரும் என்கின்றார். அதனையும் அடுத்து, செப்பு வழுவி வந்தாலும் அப்பொருளோடு இயைபுடையதாயின் நீக்கப்படாது என்கின்றார். உண்டாயோ எனக் கேட்டார்க்குப் பசி உண்டென்றோ பொழுதாயிற்றென்றோ விடை கூறுதல் போல்வன இவ்விதியால் அமைவுடையன ஆகும். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தியார் இதனை வகைப்படுத்தினார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேராக விடை தருவன. ஏவல், வினாவுதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் விடையைப் பயப்பன. நன்னூல் வினாவை ஆறாகப் பகுத்த இடத்தும், கொள்ளுதற்கும் கொடுத்தற்கும் ஏவுதற்கும் எழுவனவற்றை அறியாமையால் எழுவதினின்று பிரித்து வைத்தது. கடைக்காரரிடம் பருப்பு உண்டா என்பார், அதன் இருப்பை அறிய விரும்பினார் அல்லர், வாங்க விரும்பினார். ஆசுட்டினும் அவர் வழிவந்த சேர்லும் பெரிது ஆராய்ந்த செய்தி ஈண்டுச் சுருங்கக் கிடக்கின்றது.

இவ்வளவில் இரண்டும் ஒன்றே எனத் தோன்றும், ஒன்றல்ல. கிரைசு ஆராய்வது கேட்போன் மனத்தில் நிகழும் உய்த்துணர்வு. பேசுவோன் இன்ன நெறியைக் கடந்தான். ஆயினும் அவன் ஒத்துழைப்பவனே. ஆதலின் இதனைக் கருதியிருத்தல் வேண்டும் எனப் படிப்படியாக அதனை அவர் காட்டுகின்றார். தொல்காப்பியனார் அப்படிகளைக் காட்டவில்லை. அவர் செய்தது வழக்கை ஏற்று, அதற்கு வரம்பு கூறியது. அவ்வரம்பும் பேசுவோன் உள்ளத்தைப் பற்றியதன்று. கூற்றுக்கும் கேட்கப்பட்ட பொருளுக்கும் உள்ள இயைபைப் பற்றியது. இவ்வேறுபாட்டைக் கூறாமல் செய்யப்படும் ஒப்பீடு இரு நூல்களுக்கும் இழுக்கே. கிரைசின் சிறப்பு அவர் தரும் விளக்கத்தில் இருக்கின்றது; அது தொல்காப்பியத்தில் இல்லை என ஒப்புதல் தொல்காப்பியத்துக்குக் குறைவாகாது. 1986இல் இசுப்பெர்பரும் வில்சனும் நான்கு நெறிகளையும் விலக்கி இயைபு ஒன்றனையே முதலாக வைத்துப் பொருளுணர்வை விளக்க முற்பட்டனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆயின் அவர் கூறும் இயைபும் மனத்தின் செயல் பற்றியதே.

நூல்வழக்கை விட்டு உலகவழக்குக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிப் பகுதியைச் சேர்ந்தது அவலூர்பேட்டை. பேட்டை என்பது வணிகம் நிகழும் ஊர்ப்பகுதியைக் குறிக்கும் சொல். அப்பெயர்க்கேற்ப வாரச்சந்தையால் அறியப்பட்ட ஊர் இது. மாடு வாங்குவார் விற்பாரிடம் வினவுவதையும் அவர் விடையிறுப்பதையும் சிறிது நேரம் நின்று கேட்டால், கிளவியாக்கத்தின் அந்நூற்பாக்கள் மூன்றுக்கும் உரை வேண்டா.

"என்ன வயசுங்க?" என்பது வினா. "நாலு பல்லு" என்பது விடை. ஆண்டுக்கணக்கைக் கேட்டார்க்குப் பற்கணக்கைக் கூறினார். பட்டணத்திலிருந்து வந்த ஒருவர்க்கு இது வழுவிய செப்பாகவே தோன்றும். அகவைக்கும் பல்லுக்கும் தொடர்பு உண்டென நினைந்து, எவ்வளவு ஆண்டு என எண்ணிப் பார்த்து, அவர் அதனை உய்த்துணர வேண்டும். உழவர்க்கோ அது நேர்விடை. பாற்பல் விழுந்து நிலைப்பல் இணையிணையாக முளைத்தலை எண்ணி, ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு என வழங்குதலே மாட்டின் அகவையைக் கூறும் முறை. நாலு பல்லு என்றால் ஏறத்தாழ மூன்றாண்டு என அவர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. அதுவே அகவை. ஆகவே ஒரே தொடர், ஒருவர்க்குப் பொருண்மையியலின்பாற்படும். அருகில் நிற்கும் மற்றொருவர்க்குப் பயன்வழியியலின்பாற்படும். நன்னூலார் விடையை எட்டாகப் பகுத்தபோது, பகுப்பு விடையின் வடிவத்தில் இருப்பதாகவே கொண்டார். யாரிடத்து என்னும் வினா அங்கே எழவில்லை. கிரைசும் சொல்லப்பட்டது, குறிக்கப்பட்டது என இரண்டாகப் பிரித்தபோது முன்னதை ஐயத்துக்கு இடமற்றதாகவே வைத்துக்கொண்டார். அவ்விடமே ஐயத்துக்குரியது.

எட்டுப் பல்லும் முளைத்து முற்றினால் 'கடை சேர்ந்தது' என்பர். அதன்பின் பல்லை எண்ணி அகவை அறிதல் இயலாது. எனவே அத்தொடர் இதற்குக் குறைந்ததன்று எனக் கீழெல்லையை மட்டும் கூறும், மேலெல்லையைக் கூறாது. விற்பவர் "கடை சேர்ந்துடுச்சு" என்னும்போது பொய் கூறினார் அல்லர். அண்மையில்தான் சேர்ந்தது என வாங்குபவர் தாமே கொள்ளுமாறு விட்டார். பின்னர் வழக்கு எழுந்தால், யான் அவ்வாறு சொல்லவில்லையே எனல் எளிது. குறிப்பாற் பெற்ற பொருளைக் கூறினோன் மறுத்து நீக்கலாம் என்று கிரைசு கூறியது இதுவே. இவ்விலக்கணம் நம் நூல்களில் இவ்வளவு தெளிவாக இல்லை. "வயசு என்ன?" என்றதற்குப் "பல்லைப் பிடிச்சுப் பாருங்க" என ஏவல் விடை தருவாரும் உளர். அவர் எச்சொல்லாலும் கட்டுப்படாமல் நின்றார். நன்னூலார் ஏவலை இறைபயப்பன வரிசையில் வைத்தார். ஆயின் இங்கு அது பயப்பது விடை மட்டுமன்று, பொறுப்பு நீக்கமும் ஆம்.

விலை பேசும் இடத்தில் வழங்கும் வினைகள் இரண்டு இன்னும் நுட்பமானவை. "அம்பது சொல்றாரு; நான் நாப்பதுக்குக் கேட்டேன்" என்பர். சொல்லுதல் விற்பவர்க்கே உரியது, கேட்டல் வாங்குபவர்க்கே உரியது. நாற்பதுக்குக் கேட்டேன் என்பதில் வினாவும் இல்லை, செவிப்புலனும் இல்லை. அவ்விலைக்குக் கொள்வேன் என்னும் ஒருப்பாடே உண்டு. வாங்க வந்தவர் "நாற்பது சொன்னேன்" என்றால் சந்தையில் நகைப்பர். இது குறிப்பா, வெளிப்படையா? தொல்காப்பியத்தில் இதற்கு ஒப்பாவது எச்சவியலில் உண்டு. இரத்தற்கண் வரும் ஈ, தா, கொடு என்னும் மூன்றும் முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் என்பார் கூற்றாக நிற்கும் என்பது ஆண்டைய விதி. மூன்றற்கும் பொருள் ஒன்றே. ஆனால் சொல்லுவோன் நிலை சொல்லுக்குள் அமைந்து கிடக்கின்றது. செலவு, வரவு, தரவு, கொடை பற்றிய கிளவியாக்க விதியும் இத்தகையதே. வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகளை நோக்கியன; ஏனைய இரண்டும் படர்க்கையை நோக்கியன. ஆங்கிலத்தின் வருதல், போதல் வினைகளைப் பற்றி இதனை ஒத்த ஆராய்ச்சியைப் பில்மோர் 1971இல் தம் சொற்பொழிவுகளில் நிகழ்த்தினார். பேசுவோனையும் கேட்போனையும் நீக்கினால் இச்சொற்களின் அகராதிப் பொருளையே எழுத இயலாது. பொருண்மையியலை முதலில் முடித்துவிட்டுப் பயன்வழியியலைப் பின்னர்த் தொடங்கலாம் எனக் கருதுவார் இவ்விடத்தில் இடர்ப்படுவர்.

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டின் மறைவில் விரலைப் பற்றி விலை பேசும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். பற்றிய விரல் எண்ணைக் காட்டும். அவ்வெண் நூற்றைச் சார்ந்ததா, ஆயிரத்தைச் சார்ந்ததா என்பதை எதிரில் நிற்கும் மாடும் அன்றைய நிலவரமும் காட்டும். இலக்கண நூலார் இதனைக் குழூஉக்குறி என்றிருப்பர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றலும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றலும் உரையாசிரியர் காட்டும் பழைய சான்றுகள். குழூஉக்குறியை நாம் இலக்கணப் புத்தகத்தின் ஓர் ஓரத்தில் வைத்து விளையாட்டுப் பொருளாகப் பயிற்றுவிக்கின்றோம். அது தவறு. பொருள் ஒரு கூட்டத்தாரிடை நிலைபெறுவது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று இல்லை.

இனி முன்னம். தொல்காப்பியனார் இதனை இரண்டிடத்துக் கூறினார். எச்சவியலில், முன்னத்தால் பொருள் உணரப்படும் கிளவிகளும் உள என்றார். உரையாசிரியர் இதற்குச் 'செஞ்செவி' என்பதைக் காட்டுவர். அது செவியின் நிறத்தைக் கூறாது, அதில் அணிந்த பொன்னையும் அதனாற் செல்வத்தையும் உணர்த்தும். செய்யுளியலில் முன்னத்தைச் செய்யுள் உறுப்புக்களுள் ஒன்றாக எண்ணி, இவ்விடத்து இச்சொல் இன்னார் இன்னார்க்குக் கூறுதற்கு உரியது என அறிந்து அவ்வாறு கூறுதல் என விளக்கினார். இடம், சொல், சொல்லுவோர், கேட்போர் என்னும் நான்கும் ஒருங்கே அடங்கின. முன்னுதல் என்பது கருதுதல். அதனை 'முன்னே இருப்பது' எனக் கொண்டு வகுப்பில் விளக்குவாரை யாம் கண்டதுண்டு; அஃது ஒலியொப்புமையால் வந்த மயக்கம். கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பனவும் அவ்வியலில் தனித்தனி உறுப்புக்களாக எண்ணப்பட்டமை நோக்கத்தக்கது. கிரைசின் கொள்கையில் உரையாடுவோர் இருவர் உளர். அவர் யாவர் என்னும் வினா இல்லை. தொல்காப்பியத்தில் அவ்வினாவே முதலாவது.

கிரைசு கூறும் ஒத்துழைப்பும் சந்தையில் ஐயத்துக்கு உள்ளாகும். விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் நோக்கம் மாறுபட்டது. அளவான செய்தியை அளித்தல் வேண்டும் என்னும் நெறியை விற்பவர் கைக்கொண்டால் மாட்டின் உதைகுணத்தைத் தாமே கூற வேண்டும். எவரும் கூறார், கூறாமையால் குறை இல்லை என எவரும் கொள்ளார். 1976இல் கீனன் என்னும் அம்மையார் மடகாசுக்கர் மக்களின் பேச்சை ஆராய்ந்து, செய்தியை அடக்கிக் கூறுதலே அங்கு இயல்பாக உள்ள இடங்களைக் காட்டி, கிரைசின் நெறி எங்கும் ஒருபடித்தானதன்று என நிறுவினார். பிரௌனும் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு 1987இல் தனிநூலாக்கிய ஆராய்ச்சியில், கோவை மாவட்டத்துச் சிற்றூர்த் தமிழையும் சான்றாகக் கொண்டு, நேரே கூறாமைக்குக் காரணம் எதிருள்ளார் மதிப்பைப் பேணுதலே என்றனர். இது கிரைசு விட்டுச் சென்ற இடத்தைப் பெரிதும் நிரப்புகின்றது. ஆயினும் சந்தையில் காணும் மறைத்தல் எல்லாம் மதிப்புப் பற்றியன அல்ல, பொருள் பற்றியன. 'பொருள்' என்னும் ஒரு சொல்லே சொற்பொருளுக்கும் செல்வத்துக்கும் தமிழில் நிற்றல் இவ்விடத்தில் நன்கு பொருந்துகின்றது.

ஒரு காட்சி. விலை படியாத நிலையில் வாங்க வந்தவர் தம் மகனை நோக்கி, "வாப்பா, அந்தாண்ட நிக்குற செவலையைப் பாப்போம்" என்கின்றார். மகனை விளித்தார், ஆனால் மாட்டுக்காரர் கேட்க வேண்டும் என்பதே கருத்து. அவரும், "பெரியவரே, நில்லுங்க" என்கின்றார். மகன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அக இலக்கியம் பயின்றார்க்கு இது புதிதன்று. தலைவன் சிறைப்புறமாக நிற்பத் தோழி தலைவிக்குச் சொல்லுவாள் போன்று சொல்லுதல் நம் அகப்பாடல்களில் பயின்று வரும் துறை. விளிக்கப்பட்டார் ஒருவர், கருதப்பட்டார் வேறொருவர். ஆங்கில ஆராய்ச்சியில் கேட்போரை இங்ஙனம் வகைப்படுத்தும் முயற்சி 1979இல் காப்மன் கட்டுரையிலும் 1982இல் கிளார்க்கு, கார்ல்சன் கட்டுரையிலும்தான் விரிவு பெற்றது. இலக்கியத் துறையினராகிய நமக்கு இது கைவந்த செல்வம்; அதனை நாமே புறக்கணிக்கின்றோம். தேர்வுத்தாள்களில் குறுந்தொகைப் பாடலைத் துறைக்குறிப்பு நீக்கி அச்சிட்டுப் பொருள் வரைக என்கின்றோம். துறைக்குறிப்புக்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அதனை யாமும் மறுக்கவில்லை. ஒரு பாடலுக்கு வேறு துறையும் பொருந்தும் எனில் மாணவர் அதனை வாதிட்டு நிறுவட்டும். ஆனால் கூற்றும் கேட்போரும் இன்றி அகப்பாடலுக்குப் பொருள் எழுதச் சொல்லுதல், மகனிடம் கூறிய சொல்லை மகனுக்கே கூறியதாகக் கொள்ளுதலோடு ஒக்கும். சொல்லும் சொற்றொடரும் விளங்கும், பாட்டு விளங்காது.

எல்லாம் முன்னத்தின்பாற்படுமாயின் சொல்லுக்கெனப் பொருளே இல்லை என்றாகாதோ எனின், ஆகாது. பல் என்பது பல்லே. நான்கு என்பது நான்கே. அவை நிலைபெறாவிடில் உய்த்துணர்தற்கும் பற்றுக்கோடு இல்லை. பெயரியலில் ஆசிரியர் பொருள்நிலை இரண்டென வகுத்து, தெரிந்து நிற்பதனை முதலிலும் குறிப்பிற் றோன்றுவதனை அடுத்தும் வைத்தமை இக்கருத்துக்கு அரணாகும். யாம் மறுப்பது அப்பகுப்பை அன்று. பகுப்பின் எல்லை எக்காலத்தும் எவர்க்கும் ஒன்றே என்னும் கொள்கையை. இன்று உய்த்துணர்வது வழக்கு மிகின் நாளை நேர்ப்பொருளாகும். 'கேட்டல்' சந்தையில் அவ்வாறே ஆயிற்று. சொற்பொருள் மாற்றம் என வரலாற்றிலக்கணத்தார் கூறுவதில் பெரும்பகுதி இதுவே எனக் கருதுகின்றோம்.

ஒரு சொல் மட்டும் எமக்கு இன்னும் தெளிவுபடாமல் நிற்கின்றது. பிரியும்போது 'போகிறேன்' என்னாது 'வருகிறேன்' எனல் தமிழர் வழக்கு. வரவு பற்றிய கிளவியாக்க விதியை நோக்கின் அது மாறாக வந்தது. மங்கலம் என அமைத்துக்கொள்கின்றோம். அவலூர்பேட்டைச் சந்தையில் விலை படியாதவர் துண்டை உதறித் தோளிலிட்டு, "அப்ப வர்றோம்" என்பர். அது விடைபெறுதலும் ஆம். இன்னும் சற்றுக் குறைத்தால் நிற்பேன் என்னும் கேள்வியும் ஆம். மங்கலமும் பேரமும் ஒரே சொல்லில் நிற்கின்றன. மாட்டுக்காரர் அதனைப் பின்னதாகவே கொண்டு இன்னொரு விலை சொல்லுவார். சில வேளை, "சரி, போயிட்டு வாங்க" என்றும் சொல்லிவிடுவார். அப்போது வாங்க வந்தவர் நடந்தே ஆக வேண்டும்.